முதல் இரண்டு எழுத்து

கதவில் ஒட்டியிருந்த தாளில் ‘குடி’ என்ற முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததுமே உள்ளே நுழைந்துவிட்டேன்.

மீதியையும் படிக்க நின்றிருந்தால் கால் திரும்பியிருக்கும். போன வாரம் இந்தக் கட்டடத்தின் கேட் வரை வந்துவிட்டுத் திரும்பினேன். அதற்கு முந்தின வாரம் பஸ்ஸைவிட்டே இறங்கவில்லை.

போனில் பேசியவர், வெளியே போர்டெல்லாம் வைக்க மாட்டோம், உள்ளே வந்து கூட்டம் எங்கே என்று கேளுங்கள் என்றுதான் சொல்லியிருந்தார். கேட்டேன். வாட்ச்மேன் இந்த அறையைக் காட்டினார்.

குடியை விட்டுப் பதினாறு நாள் ஆகிறது. பதினேழாவது நாளைத் தனியாகத் தாண்ட என்னால் முடியாது. இன்று கூட்டத்தில் உட்காராமல் திரும்பினால் என் கால் நேரே எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும்.

உள்ளே இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். என்னைவிட வயதான பெண்கள்கூட இருந்தார்கள். நான் மட்டும் இல்லை என்று மனசு கொஞ்சம் லேசானது.

ஒரு நோட்டு சுற்றி வந்தது. பெயர் கேட்க மாட்டோம் என்று போனில் சொன்னது சரிதான். வீட்டு எண்ணும் கையெழுத்தும் மட்டும். பதினாலு என்று எழுதினேன். பக்கத்து நாற்காலிக்காரர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் பதினாலாம். உலகம் சின்னது என்று நினைத்துக்கொண்டேன்.

மேசைக்குப் பின்னால் செயலாளர். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகலாம் போலிருக்கிறது என்று ஆசையாக இருந்தது.

முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார்.

“காலையில எழுந்ததும் எனக்குத் தண்ணி வேணுங்க. இல்லாட்டி ஒரு வேலையும் ஓடாது. இதை எத்தனை தடவை சொல்றது?”

என்ன தைரியம்! கொஞ்சமும் கூசாமல் சொல்கிறாரே. நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

பின்னாலிருந்து ஒருவர், தன் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தண்ணி என்றார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். என் வீட்டிலும் அதே கதைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன் என்று ஆரம்பித்தேன். பதினெட்டு வருடக் குடி என்றேன். மகளுக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிடும்போது கை நடுங்கி, கம்பி அவள் கண்ணோரத்தைக் கீறிவிட்டதைச் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயது. அழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நான் மறுபடி மாட்டுவதற்காக முகத்தை நீட்டியபடியே நின்றாள். அன்றோடு விட்டேன் என்று சொல்லி முடித்தேன்.

கைதட்டுவார்கள் என்று காத்து நின்றேன்.

முன்வரிசை அம்மாள்தான் மெதுவாகச் சொன்னார். “தம்பி, இது குடியிருப்போர் சங்கம். நாங்க மேல்தொட்டித் தண்ணியைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்.”

கடைசி வரி வரைக்கும் படிங்க என்று ஊருக்கெல்லாம் எழுத்துப் பலகையைக் காட்டுகிறவன் நான்.

மானம் கப்பலேறிவிட்டது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஆனாலும் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு வருடத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் உண்மை அது. அப்படியென்றால் அந்த இன்னொரு கூட்டம் எங்கே நடக்கிறது, யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒன்று இந்தக் கட்டடத்தில் நடப்பதே யாருக்கும் தெரியவில்லை.

செயலாளர் எழுந்தார். முகம் இறுகியிருந்தது. இவரை வாசலில் விட்டுவிட்டு வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறைதான்.

தள்ளட்டும். வாட்ச்மேனிடம் மறுபடி கேட்பேன். ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன். இன்று திரும்பிப் போவதாக இல்லை.

அவர் வாசல் பக்கம் போகவில்லை. படியேறினார்.

இரண்டாவது மாடியில் கடைசிக் கதவு. தாள் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. உள்ளே யாரோ பேசி முடிக்க, பலர் கைதட்டுவது கேட்டது.

நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் என் முழங்கையை இன்னும் விடவில்லை. அவர் விரல்கள் வெடவெடத்துக்கொண்டிருந்தன. அது எனக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம்.

“வாரா வாரம் இதே நேரத்துக்குத் தண்ணித் தொட்டிக்குக் கூட்டம் போடறதே நான்தான் சார்,” என்றார். “மேல வராம இருக்க ஒரு சாக்கு வேணும்ல.”

அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.