சுடரின் நிறம்

"ஏ தமிழு, செத்த இங்க பாரு. என்ன கலர் வருது?"

தமிழ்மதி நிமிரவில்லை. பக்கத்து மேஜை காத்தமுத்துதான். மூன்று வருடமாக இதே கேள்வி. பி.எஸ்சி. கடைசிச் செய்முறைத் தேர்வன்றுமா?

"உன் கண்ணு என்ன ஊருக்குப் போயிருக்கா?"

"இந்த ஒண்ணு மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

ஆளுக்கொரு கண்ணாடித் தட்டில் பெயரில்லாத வெள்ளை உப்பு. அதில் ஒளிந்திருக்கும் உலோகம் எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். சுடரில் காட்டும் அந்த நொடி தமிழ்மதிக்கு ரொம்பப் பிடிக்கும். சூடுபட்டதும் அணுவுக்குள் ஏதோ துள்ளும். துள்ளியது திரும்பி விழும்போது தன் நிறத்தைக் காட்டிவிடும். சோடியம் மஞ்சள். பேரியம் பச்சை. ஸ்ட்ரான்சியம் சிவப்பு. திண்டுக்கல்லில் எரிந்தாலும் நட்சத்திரத்தில் எரிந்தாலும் அதே நிறம். அணுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

துறையில் முதலாவதாக வருபவருக்கு மதுரையில் கட்டணமில்லாத எம்.எஸ்சி. இடம் ஒன்று இருந்தது. இதுவரை அவளும் காத்தமுத்துவும் சமமாக நின்றார்கள். இடம் கிடைக்காவிட்டால் வைகாசியில் கல்யாணம் என்று சாணார்பட்டியில் அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

பக்கத்தில் கேட்டுக் கேட்டு எழுதுகிறவன் மதுரைக்குப் போவான். இவள் மணவறைக்குப் போக வேண்டுமா?

அவனுடைய சுடரைப் பார்த்தாள். குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல அப்படியொரு சிவப்பு.

"பச்சை" என்றாள்.

"நெசமாவா?"

"சந்தேகமா இருந்தா என்னைய ஏன் கேக்குற?"

அவன் தன் சோதனைக் குழாய்களை ஒருதரம் பார்த்தான். பிறகு தாளில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினான்.

தேர்வாளர் ஜெஸ்ஸி மேடம் அவன் தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"ஏம்ப்பா, மத்த டெஸ்ட் எல்லாம் அழகா ஸ்ட்ரான்சியத்துக்குக் கொண்டாந்திருக்க. அதை அடிச்சிட்டு பேரியம்னு எழுதி வச்சிருக்க?"

"சுடர் பச்சையா வந்துச்சு மேடம்."

"நீ பாத்தியா?"

தமிழ்மதி தன் தாளில் குனிந்துகொண்டாள். இவள் பெயரைச் சொல்லிவிடுவான்.

"பாத்தேன் மேடம்" என்றான் அவன்.

"பாதி மார்க் போச்சு போ."

கல்லூரி வாசலில் இலந்தைப்பழ வண்டி நின்றது. காத்தமுத்து அங்கே காத்திருந்தான். சண்டைக்கு வருவான் என்று தமிழ்மதி பதிலைத் தயாராக வைத்திருந்தாள். மூணு வருசமா காப்பியடிச்சவனுக்கு ரோசம் வேறயா?

அவன் சிரித்தான். "வா தமிழு, பழம் திம்போம். நீதான ஃபர்ஸ்ட்டு."

"கோவம் இல்லையா?"

"எதுக்கு? பரீட்சை அவசரத்துல நீ தப்பாப் பாத்திருப்ப. விடு."

பேசிக்கொண்டே குவியலில் கைவிட்டுக் கூம்புக் காகிதத்தில் நிரப்பினான். வண்டிக்கார அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏப்பா, செவசெவன்னு பழம் இம்புட்டுக் கெடக்கு. பூராம் பச்சைக் காயா அள்ளுற?"

காத்தமுத்து கூச்சத்தோடு காகிதத்தைத் தமிழ்மதியிடம் நீட்டினான்.

"நீயே பொறுக்கு தமிழு. எனக்குப் பொறந்ததுல இருந்தே செவப்பும் பச்சையும் ஒரே கலராத்தான் தெரியும். உன் கண்ணை நம்பித்தான் மூணு வருசம் ஓட்டுனேன்."