பெரியவள் பார்த்துக்கொள்வாள்

"ஆமை பாக்கப் போனா அரை நாள் வெயில்லயே போயிடும். அருவியிலயும் இப்போ தண்ணி இல்ல. மணல் திட்டுக்குப் போலாமே, நடந்தே போயிடலாம்" என்றாள் பெரியவள்.

விடுதியின் வரவேற்பறையில், ஜன்னலோர மேஜை முழுக்கச் சுற்றுலாப் படங்கள் இறைந்து கிடந்தன. ஒரு பக்கம் டீச்சரும் அவளுடைய ஏழு வயது மகன் சுண்டுவும். எதிர்ப்பக்கம் பல் டாக்டரின் மனைவியும் இரட்டைப் பெண்களும். நடுவில், நாற்காலி நுனியில் பெரியவள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும்.

தீவுக்கு வந்து இறங்கிய அன்றே இரண்டு குடும்பமும் ஒட்டிக்கொண்டன. மூன்று நாளாக எல்லா வேளையும் ஒரே மேஜையில்தான் சாப்பாடு. கணவர்மார் இருவரும் அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே போவது, எதைப் பார்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை, வழக்கம்போல, பெண்கள் தலையில்.

"திட்டா? கடலுக்கு நடுவுலயா?" டீச்சர் சுண்டுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

காரணம் இருந்தது. போன வருடம் நீச்சல் குளத்தில் மூழ்கி, மயிரிழையில் பிழைத்தவன் சுண்டு. அதிலிருந்து வாளித் தண்ணீரைக் கண்டாலே அலறுவான். பயம் தெளியட்டும் என்றுதான் இத்தனை தூரம் கூட்டி வந்தார்கள். வந்த நாள் முழுக்க அவன் மணலில்கூடக் கால் வைக்கவில்லை. நேற்று சாயங்காலம் பெரியவள் அவன் சுண்டுவிரலைப் பிடித்து மெல்லக் கூட்டிப் போனாள். அரைமணி நேரத்தில் அலையில் நின்று சிரித்தான் பிள்ளை. டீச்சர் தூண் மறைவில் நின்று அழுது தீர்த்தாள்.

"கணுக்காலளவு தண்ணிதான். எங்க பள்ளம், எங்க மேடுன்னு எனக்குத் தெரியும்."

"அவ்வளவு பழக்கமா? லீவு விட்டா இங்கதானா?" என்று டீச்சர் அவள் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டாள்.

"எப்பவுமே இங்கதான்."

பல் டாக்டரின் மனைவி இரட்டைப் பெண்களின் முகத்தில் வெயிலுக்கான க்ரீமை அப்பிவிட்டு, டியூபை மூடிப் பையில் போட்டாள். பெரியவள் பக்கம் அந்தக் கை போகவேயில்லை. டீச்சருக்குச் சுருக்கென்றது. மூத்ததாகப் பிறந்தால் இதுதான் கதி. சாப்பாட்டு மேஜையிலும் அந்தப் பெண்ணை ஒரு வாய் சாப்பிடு என்று கேட்பாரில்லை. தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தாள். முடி சில்லென்று ஈரமாக இருந்தது.

"தலைய நல்லாத் துவட்டக் கூடாதாம்மா? சளி பிடிச்சுக்கும்."

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அம்மா, நான் அக்கா கூடப் போறேன்" என்றான் சுண்டு.

"பயமா இல்லையாடா?"

"இல்லம்மா. மொதல்ல கொஞ்ச நேரம்தான் பயமா இருக்குமாம். அப்புறம் ஒண்ணுமே தெரியாதாம். அக்கா சொன்னா."

ஊரில் பார்த்த டாக்டருக்குக்கூட இப்படிப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

"விடுங்க, போயிட்டு வரட்டும்" என்றாள் பல் டாக்டரின் மனைவி. "ஜன்னல்லேருந்து பாத்தா தெரியுது. நாளைக்கு எங்க போறதுன்னு முடிவு பண்ணிட்டு நாமளும் பின்னாலயே போயிடலாம். அதான் பெரியவ இருக்காளே, பாத்துக்குவா."

"அதுவும் சரிதான். வயசுக்கு மீறின பொறுப்பு அவளுக்கு."

"தங்கமான பொண்ணுங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளைய எங்க பாக்க முடியுது?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தான் பெற்றதைத் தானே இப்படி மெச்சிக்கொள்கிறாளே. மெச்சுவதற்கு வாய் வருகிறது, துளி க்ரீம் தடவக் கை வரவில்லை.

பிள்ளைகள் கிளம்பினார்கள். நாலு பேரும் கைகோத்து மணலைத் தாண்டி, தண்ணீரில் இறங்கினார்கள். சுண்டு ஒரு தடவைகூட அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் நனைந்தது. அப்போதும் நடந்துகொண்டேயிருந்தான். தன் பிள்ளையா இது என்று டீச்சருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

விடுதியின் பயண ஏற்பாட்டாளர் சிரித்த முகத்தோடு வந்து நின்றார். "நாளைக்கு எங்கன்னு முடிவாயிடுச்சா, மேடம்?"

"பவளப்பாறை பாக்கக் கண்ணாடிப் படகு" என்றாள் டீச்சர்.

"நல்லது. படகுல இடம் கம்மி. மொத்தம் எத்தனை பேர்?"

"நாங்க மூணு பேர்."

"நாங்க நாலு" என்றாள் பல் டாக்டரின் மனைவி.

"அப்போ ஏழு பேருக்கு இடம் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாதுதான். ஆனால் இரண்டு நாளாக நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவளும் சின்னப் பொண்ணுதானே? படகுக்குக்கூட அவள விட்டுட்டுக் கணக்கு சொன்னா, அவ மனசு என்ன பாடுபடும்?"

பல் டாக்டரின் மனைவி படங்களை மேஜையில் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதையேதாங்க உங்ககிட்ட கேக்கணும்னு நான் மூணு நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன். பையனையே தாங்கறீங்க, அவள ஏன்னு கேக்கறதில்ல. ஏன், அவ உங்க பொண்ணுதானே?"