ஜப்திக்குத் தப்பிய வீடு

"இந்த வீடு யாரோடது?" என்றார் கோர்ட் அமீனா, பேனா மூடியைத் திறந்தபடி.

நிமாக்கோவுக்கு வாயைத் திறக்கவே தெம்பில்லை. காலையில் குமாசி கடைத்தெருவில் அவனுடைய உதிரிபாகக் கடைக்கு சீல் வைத்தார்கள். மதியம் லாரி போனது. மிச்சம் இந்த வீடு ஒன்றுதான். இதுவும் போனால் மனைவி செர்வாவும் பிள்ளைகளும் நடுத்தெருவில்.

பதில் சொன்னவர் டொங்கோர் மாமா. அவன் அம்மாவுக்கு அண்ணன், குடும்பத்துக்கே தலைவர். துணைக்கு இரண்டு பெருசுகளையும் கூட்டி வந்திருந்தார்.

"எங்க குடும்பச் சொத்து சார். எங்கம்மாவோட கோகோ தோட்டத்தை வித்துக் கட்டினது. இவன் சும்மா குடியிருக்கான். மஞ்சக் கடுதாசி குடுத்தது இவன்தானே, குடும்பம் இல்லையே?"

"தோட்டத்தை எந்த வருஷம் வித்தீங்க?"

"ஒரு வருஷம் மழையே இல்லாமப் போச்சே, அதுக்கு அடுத்த வருஷம்."

"பத்திரம்?"

"குடும்பச் சொத்துக்கு ஏது சார் பத்திரம்? இதோ, நாங்க மூணு கிழவனுங்கதான் பத்திரம்."

பெருசுகள் பலமாகத் தலையாட்டின.

அமீனா நிமாக்கோவிடம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்றே?"

"மாமா சொல்றதுதான் சார்."

சொந்தக் காசில், செங்கல் செங்கலாக அவன் கட்டிய வீடு அது. கடன்காரர்கள் ஓய்ந்ததும் 'இது மருமகனோடதுதான்' என்று மாமா சொல்லிவிடுவார். பேச்சு அப்படி.

அமீனா பெருமூச்சு விட்டார். இந்த ஊரில் குடும்பச் சொத்தைத் தொட்டால் வழக்கு பேரன் காலம் வரை இழுக்கும் என்று அவருக்கும் தெரியும். டிவியையும் ஃப்ரிட்ஜையும் மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

"உங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன் மாமா?" என்றான் நிமாக்கோ.

"உன்கிட்ட என்னடா இருக்கு வாங்கிக்க? நான்ல கொண்டாந்திருக்கேன்!" மேல்துணிக்குள்ளிருந்து ஒரு ஜின் பாட்டிலை எடுத்தார். "நாள் பூரா அலைஞ்சிருக்கே. முதல்ல நீ குடி."

தீப்பெட்டியைக்கூட ஓசியில் வாங்குகிற மாமா! நிமாக்கோ கண் கலங்க ஒரே மடக்கில் குடித்தான். பிறகு பெருசுகள் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள்.

சமையற்கட்டிலிருந்து செர்வா வந்தாள். கையெல்லாம் ஃபுஃபு மாவு.

"அந்த பாட்டில் யார் வாங்கினது?"

"மாமாதான்."

"குடிச்சிட்டீங்களா?"

"ஒரு மடக்கு. ஏன்?"

அவள் கையைக் கழுவினாள். கொடியில் காய்ந்த பிள்ளைகளின் துணிகளை உருவி மூட்டை கட்டத் தொடங்கினாள்.

"என்ன பண்றே செர்வா? அதான் அமீனா போயாச்சே!"

"நம்ம வழக்கத்துல, வீட்டைக் குடுத்தவனுக்கு வாங்கிக்கிட்டவன் சாட்சி வெச்சு ஊத்துற நன்றி ஜின்னுங்க அது. குடிச்சா, குடுத்தது குடுத்ததுதான். அசதியில அதுகூடவா மறந்துபோச்சு?"

"அவசரமில்லம்மா," என்றார் மாமா, மிச்ச ஜின்னை முன்னோர்களுக்காகத் தரையில் ஊற்றியபடி. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்துட்டு, பிள்ளைங்களோட உங்கம்மா வீட்டுக்குப் போ. பிள்ளைங்க தாய்வழிதானே, உங்க ரத்தம். இவன் எங்க ரத்தம், இங்கேயே இருக்கட்டும்."