மஞ்சள் விளக்கின் மேல்

மாமல்லபுரம் காவல் நிலையத்துக்குப் பின்னால், சவுக்கு நிழலில், சரவணகுமாரின் கார் நிற்கிறது. போன வாரம் டயர் வெடித்து அது உருண்டதில் அவன் செத்துப்போனான். உடைந்த கண்ணாடி வழியே கடல் காற்று தாராளமாக வந்துபோகிறது. இன்சூரன்ஸ் சர்வேயர் ஜெபசிங் சாவியைத் திருப்புகிறார். பாதி வண்டி நசுங்கிக் கிடக்க, மிச்சப் பாதி 'டிங்' என்று டயர் காற்றுக்காகக் கவலைப்படுகிறது. "ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளயும் ஒரு சென்சார் இருக்கும்மா. காத்து எறங்குனா ஒயர் இல்லாமயே இங்க சொல்லிடும், மஞ்சள் லைட்டு எரியும்" என்று சரவணகுமாரின் மனைவி அனுவிடம் சொன்னபடி ஸ்டியரிங்குக்குப் பின்னால் குனிகிறார். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. அதன் விளிம்பில் மஞ்சள் கசிகிறது. "இன்னாங்க இது? யாரு ஒட்னது?" அனு வாயைத் திறக்கிறாள். அந்த விளக்கு எந்நேரமும் கண்ணை உறுத்துகிறது என்று அவன் புலம்பியபோது, சிரித்துக்கொண்டே அவள் ஒட்டியது. "நான்தான் சார்" என்கிறார் பக்கத்தில் நிற்கும் மாமனார் தணிகைவேல். "சும்மா எரிஞ்சிகினே இருந்துச்சி, ஒரே பேஜாரு." ஜெபசிங் அவருடைய நரைத்த மீசையைப் பார்க்கிறார். பிறகு அனுவின் வெறும் நெற்றியைப் பார்க்கிறார். ஒன்றும் கேட்காமல் சாவியைத் திருப்பி அணைக்கிறார்.