கிண்ணத்தின் விளிம்பு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கெண்டியில் தண்ணீர் கொதிப்பதற்குள் ஒன்று சொல்கிறேன்.

"அந்த விளிம்பை மட்டும் தொட்டுடாதீங்கண்ணே. அப்படியே செதுக்கணுமாம்" என்றான் மொஹெய்.

செர்ரி மரப் பலகையில் பசை தடவிக்கொண்டிருந்த கென்ஷிச்சி நிமிரவில்லை. ஜப்பானில், எடோ நகரத்துக் கவிதைச் சங்கம் ஒன்று, புத்தாண்டுக்கு நண்பர்களுக்குக் கொடுக்க அச்சுப்படம் கேட்டிருந்தது. தேநீர் விருந்துச் சாமான்களின் படம். வரைந்ததை வாங்கி வருவது மொஹெய் வேலை, பலகையில் செதுக்குவது கென்ஷிச்சி வேலை.

"எந்த விளிம்பு?"

"கிண்ணத்தோட வாய்ல சின்னதா ஒரு மூளி இருக்கு. அதைச் சரி பண்ணிடக் கூடாதுன்னு வரைஞ்சவர் மூணு தடவை சொல்லி அனுப்பியிருக்காரு. உங்க கைதான் செதுக்கணுமாம், வேற கை கூடாதாம்."

"ஆளு யாரு?"

"புதுசு. நான் பாத்ததில்ல. ஓவியர் வீட்டு வேலைக்காரப் பொண்ணு வந்து குடுத்துட்டுப் போச்சு. உங்க உளி சும்மா இருக்காதுண்ணே, அதான் சொல்றேன்."

"என் உளிக்கு வாய் கிடையாது. உனக்குத்தான் காது வரைக்கும் இருக்கு."

தாளை வாங்கியவர், பார்க்காமலே படத்தைக் கவிழ்த்துப் பலகையில் ஒட்டினார். நேராகப் பார்த்தால் கை ஏமாந்துவிடும் என்பது அவர் கட்சி. மெல்லிய தாளின் முதுகு வழியே கோடுகள் இடவலம் மாறித் தெரிந்தன: இரும்புக் கெண்டி, அகப்பை, மூங்கில் கடைகோல், கிண்ணம். இனி தாளும் மரமும் சேர்ந்துதான் அறுபடும். பலகை முடியும்போது வரைந்த படம் மிஞ்சாது.

"கோடு நல்லா இருக்கு" என்று முணுமுணுத்தார். அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

"புத்தாண்டுக்கு அரிசி மோச்சி இடிக்கச் சொல்லியாச்சாண்ணே?"

"ரெண்டு பேருக்குச் சொல்லிட்டேன்."

"நீங்க ஒத்தை ஆளுதானே?"

"ரெண்டு பேருக்கு."

ஆறு வருஷமாக இதே பதில்தான். பார்த்து வைத்த மாப்பிள்ளை வேண்டாம் என்றாள் மகள் ஒகினு. "அப்படின்னா இந்த வாசப்படியை மிதிக்காதே" என்றார் இவர். அவள் மிதிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்து சேர்ந்த மொஹெய் அவளைப் பார்த்ததே இல்லை. தாயில்லாப் பெண் எங்கே போனாள் என்று தேட ரோஷம் விடவில்லை. கோபம் ஆறிய பிறகு, விசாரிக்க வெட்கம். ஒவ்வொரு புத்தாண்டிலும் அவள் பங்கு மோச்சி உருண்டை தட்டில் உலர்ந்து வெடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருஷமாவது வந்துவிட மாட்டாளா என்றுதான் இரண்டு பேருக்குச் சொன்னார்.

மூன்றாம் நாள் உளி கிண்ணத்தின் விளிம்புக்கு வந்தது.

கென்ஷிச்சி மூளியை உற்றுப் பார்த்தார். தூரிகை நழுவியிருக்கிறது. சின்ன வயசுப் பையனாக இருப்பான். தப்பை ஒப்புக்கொள்ள ரோஷம். அதனால்தான் அப்படியே இருக்கட்டும் என்கிறான். ரோஷம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? புத்தாண்டும் அதுவுமாக உடைந்த கிண்ணத்தைப் பார்த்து அந்தச் சங்கத்துப் பணக்காரர்கள் சிரிப்பார்கள். பிறகு அவனை யார் கூப்பிடுவார்கள்?

"யார் பெத்த பிள்ளையோ" என்று பெருமூச்சு விட்டார். ஒகினுவும் எங்கேயோ இப்படி அந்நியர் தயவில்தான் இருப்பாள். இவனுக்கு நான் செய்தால் அவளுக்கு யாராவது செய்யாமலா போவார்கள்?

விளிம்பை ஒரே வளைவாக இழுத்து முடித்தார். மூளி வரைந்திருந்த தாள் துணுக்கு மரச்சீவலோடு போயிற்று. வெகு நாளுக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. வழக்கமான கிண்ணத்தில் தேநீர் ஊற்றி, வழக்கம்போல் ஒரு பக்கம் திருப்பிக் குடித்தார்.

பத்து நாள் கழித்து மொஹெய் அச்சான தாள் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தான்.

கென்ஷிச்சி அப்போதுதான் படத்தை நேராகப் பார்த்தார். கிண்ணத்தின் வயிற்றில் மெருகு ஒழுகி, பாதியில் நின்ற ஒரு கோடு. திரும்பித் தன் பக்கத்தில் பாயில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அதே ஒழுகல். அதற்கு மேலே, ஏழு வயசில் ஒகினு கிணற்றடியில் கழுவும்போது தட்டிவிட்ட மூளி. உதட்டில் குத்தாமல் இருக்க அவர் தினமும் திருப்பிப் பிடிக்கிற மூளி. படத்தில் மட்டும் அது இல்லை.

"யாருப்பா இதை வரைஞ்சது?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன். வேலைக்காரின்னு நெனைச்சேன் பாருங்க, அந்தப் பொண்ணுதான்ணே ஓவியர். அந்த வீட்டுக்கு எடுபிடியாப் போய்த் தூரிகை பிடிச்சவளாம். முதல் தாளை அவகிட்டதான் குடுத்தேன். வேற எதையும் பாக்கல. விளிம்பை மட்டும் விரலால தடவினா. 'ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பதில் வந்துடுச்சு'ன்னா."

"என்ன கேள்வி?"

"எனக்கென்னண்ணே புரியுது. மூளியை விட்டு வச்சிருந்தா வீட்டுக்கு வரலாம்னு அர்த்தமாம். மறுநாள் காலைப் படகுலயே கிளம்பிட்டா. எந்த ஊருன்னு சொல்லல. என்னண்ணே, ஏன் சீவல் கூடையைக் கொட்டிக் கிளறுறீங்க?"

வாசலில் மோச்சிக்காரன் வந்து நின்றான்.

"ரெண்டு பேருக்குத்தானே?"

உங்கள் வீட்டுக் கிண்ணங்கள் எத்தனை மூளியானாலும் ஆகட்டும். அவற்றை உடைத்த கைகள் எல்லாம் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேரட்டும், கண்ணுகளா.