ஒன்பதரை மணி ஆபீஸின் திட்ட விலக்கம்

பயிற்சி வகுப்புக்குப் போய்த் திரும்பிய தி.நகர் மேனேஜர் கோதண்டபாணி, ஊழியர்கள் வரும் நேரத்தை அரை மணிப் பிரிவுகளாக்கி, சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் திட்ட விலக்கத்தைக் கணக்கிடச் சொன்னார். ஒவ்வொருவரின் விலகலையும் வர்க்கம் செய்த கட்டத்தில் ஓர் எண் மட்டும் பூதமாக நின்றது.

“இவ்ளோ தள்ளி வர்றது யாரும்மா?”

“பெருக்குற ஷீலாக்கா சார். ஆனா...” என்றாள் கணக்கிட்ட நிஷா.

“ஆனா கீனால்லாம் வேணாம். நாளையிலேருந்து அந்தம்மாவை நிறுத்திடு.”

டீ கொண்டுவந்த ஷீலா தம்ளரை மேசையில் வைத்தாள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். “நான் இன்னா சார் பண்ணேன்?”

“எத்தனை மணிக்கு வர்றே, நீயே சொல்லு.”

“ஏழுக்கு சார். நீங்கல்லாம் வர்றதுக்குள்ள தொடச்சி முடிக்கணும்ல.”

“வர்க்கம் பண்ணிட்டா மைனஸ் போயிடும், முன்னாடி வந்தாங்களா பின்னாடி வந்தாங்களான்னு தெரியாது சார்” என்றாள் நிஷா மெதுவாக.

கோதண்டபாணி டீயை எடுத்துக்கொண்டார். “சரி, நாளைக்கும் வாம்மா. ஆனா கொஞ்சம் லேட்டா வா. ஆபீஸ் ஒழுங்கு கெடுது பாரு.”