இனுவிக் எவ்வளவு தூரம்?

"ஒரு ராத்திரி தங்கிட்டுத் திரும்பறதுக்காகப் பிள்ளையை இவ்வளவு தூரம் அலைய விடணுமா சார்?"

கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் வேணி. ஸ்ரீரங்கத்தில் பன்னிரண்டு வருஷமாக டிராவல்ஸ் நடத்துகிறாள். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

எதிரே பிலோமின்ராஜ். கைலாசபுரத்து ஃபாக்டரியில் ஃபோர்மேன். லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மகன் ஆசீர் கனடாவின் வடகோடியில், யெல்லோநைஃபில் வேலை பார்க்கிறான். மகள் பெலிண்டா அதற்கும் வடக்கே, இனுவிக்கில் நர்ஸ்.

"ரெண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம்மா?"

"ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நம்ம திருச்சிலேர்ந்து மும்பை மாதிரி வெச்சுக்குங்க. நேரா பறந்தா ரெண்டரை மணி நேரம். நடுவுல நின்னு போனா இன்னும் கூட. பனி கொட்டினா அதுவும் கிடையாது."

"போட்டுடுங்க. ஆசீர் சனிக்கிழமை போய், ஞாயித்துக்கிழமை திரும்பற மாதிரி."

"தம்பியே அங்கேர்ந்து போட்டுக்கலாமே?"

"கேட்டா லீவில்லம்பான். டிக்கெட் வந்துட்டா போய்த்தானே ஆகணும்?" சிரித்தார்.

"பாப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"தெரியலம்மா. நேத்து போன் பண்ணிச்சு. 'நல்லாத்தான் இருக்கேன்பா, சும்மாதான் கூப்பிட்டேன்'னுச்சு. சும்மா கூப்பிடற பிள்ளையில்ல அது."

வேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்கா? வீடியோ கால்ல முகத்தைப் பார்த்துட்டா போச்சு. இந்தக் காலத்துல தூரம்னு ஒண்ணு இருக்கா சார்? நீங்களே போன்ல சொல்லியிருந்தா டிக்கெட்டை அனுப்பியிருப்பேன். வேகாத வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்து நிக்கறீங்க!"

அவர் பதில் சொல்வதற்குள் வேணியின் போன் அடித்தது. காவிரிப் பாலம் தாண்டினால் வரும் உறையூரிலிருந்து அக்கா ஜோதி.

"சொல்லுக்கா... சாப்பிட்டியா?... என்ன விஷயம்?... சரி சரி, கடையில ஆள் இருக்காங்க. அப்புறம் கூப்பிடறேன்."

போனை வைத்தவள், "எங்க அக்கா சார். அத்தான் தவறினப்புறம் தனியா இருக்கா. ஒரு நாள் தவறாம பேசிடுவேன்" என்றாள் பெருமையாக.

"என்னவாம்மா?"

"ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் இருக்கேன், சும்மாதான் கூப்பிட்..."

பாதியில் நின்றுவிட்டாள்.

பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. பிலோமின்ராஜ் டிக்கெட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம்.

"சார், ஒரு நிமிஷம்!"

பூட்டிய சாவியோடு ஓடி வந்தாள் வேணி.

"அத்தான் காரியத்துக்குக் கார்ல போயிட்டு வந்ததுதான், எட்டு மாசமாச்சு... உறையூருக்கு எந்த பஸ்ல ஏறணும் சார்?"